கேள்வி-பதில்: வியர்வையா, மன அழுத்தமா?

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக, மன அழுத்தத்தைக் கண்டுபிடிக்க மணிக்கட்டில் கட்டும் கருவி செய்தோம். இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லு), ஜிஎஸ்ஆர் சென்சார் (வியர்வையால் தோலில் மின்சாரம் கடக்கும் அளவு மாறுவதை அளப்பது), மேக்ஸ்30102 (தோலில் ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பைப் பார்க்கும் சென்சார்). குழுவில் 6 பேரிடம் பதிவெடுத்து, 60 விநாடித் துண்டுகளாக, ஒவ்வொரு விநாடியாக நகர்த்தி வெட்டி, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தோம். 97 சதவீதத் துல்லியம் வந்தது. ஆனால் புதிதாக யார் கட்டினாலும் எந்நேரமும் 'ஸ்ட்ரெஸ்' என்றே காட்டுகிறது. ஏன்?
- பொறியியல் மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அந்த 97-ஐ அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். ஒரு விநாடி நகர்த்தி வெட்டினால், அடுத்தடுத்த இரு துண்டுகளில் 59 விநாடி ஒரே டேட்டா. அவற்றைக் கலைத்துப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரித்தால், பயிற்சியில் பார்த்ததே தேர்விலும் வரும். கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டு எழுதுவது போலத்தான். மாடல் அந்த 6 பேரின் கைகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. ஏழாவது கை வந்ததும் திணறுகிறது.

ஆள்வாரியாகப் பிரியுங்கள். 5 பேரை வைத்துப் பயிற்சி, மீதி ஒருவரிடம் தேர்வு. ஆளை மாற்றி மாற்றி 6 முறை. சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் நிரல் தொகுப்பில் 'லீவ் ஒன் குரூப் அவுட்' இதற்கென்றே இருக்கிறது. மதிப்பெண் நன்றாகக் குறையும். குறையட்டும், உங்கள் கருவியின் நிஜமான எண் அதுதான்.

6 பேர் போதவும் போதாது. 2018-இல் வெளியான வெசாட் என்ற மன அழுத்த டேட்டாசெட்டில் 15 பேரின் மார்பு, மணிக்கட்டுப் பதிவுகள் இருக்கின்றன. மேடைப்பேச்சும் மனக்கணக்கும் கொடுத்து அழுத்தத்தை வரவழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நிலையைச் சொல்லும் லேபிள் எண் உண்டு: 1 இயல்பு நிலை, 2 அழுத்தம், 3 கேளிக்கை, 4 தியானம். டேட்டா இருக்கும் பிக்கிள் கோப்பை (பைதான் டேட்டாவைச் சேமிக்கும் வடிவம்) பைதான் 3-இல் திறக்கும்போது என்கோடிங்கை 'லேட்டின்1' என்று கொடுங்கள். இல்லாவிட்டால் எரர் வரும். அதில் மணிக்கட்டின் தோல் பதிவு விநாடிக்கு 4 முறை எடுத்தது. உங்களுடையதையும் 4-க்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது நம் ஊர்ப் புழுக்கம். மணிக்கட்டு வெயிலுக்கே வியர்த்துவிடும். உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள்தான் மனக்கலக்கத்துக்கு அதிகம் இசைபவை. அதனால் ஜிஎஸ்ஆர் பட்டைகளை, எழுதாத கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மாற்றுங்கள். சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கை கழுவித் துடைத்து, மாட்டிய பின் 5 முதல் 10 நிமிடம் மின்விசிறிக்கடியில் சும்மா உட்காரவையுங்கள். அதற்கடுத்த 5 நிமிடப் பதிவுதான் அந்த ஆளின் அடிப்படை. அதன் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (பதிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வகுத்த பிறகே மாடலுக்குக் கொடுங்கள். இயல்பிலேயே கை ஈரமாக இருப்பவரை எல்லாம் 'ஸ்ட்ரெஸ்' என்று காட்டுவது பெரும்பாலும் இந்தப் படியை விடுவதால்தான்.

வயரிங்கையும் ஒருமுறை பாருங்கள். இஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் (சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரு பகுதிகளில் இரண்டாவதைச் சேர்ந்தவை) படிக்காது. ஜிஎஸ்ஆரை 34-ஆம் பின்னுக்குக் கொண்டுபோங்கள், சென்சாருக்கு 3.3 வோல்ட் கொடுங்கள். மேக்ஸ்30102-ஐ இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நசுங்கி அலை தட்டையாகும், தளர்த்தினால் கை அசைவே துடிப்பாகப் பதியும். அசைவை அளக்கும் எம்பியு6050 சென்சார் ஒன்றைச் சேர்த்து, கை ஆடிய துண்டுகளைத் தள்ளிவிடுங்கள். மாடிப்படி ஏறினாலும் இதயம் வேகமாகத்தானே துடிக்கும்!

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கும் மகனின் ஸ்மார்ட்வாட்ச் தினமும் மாலையில் 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்கிறது. பயப்பட வேண்டுமா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வாட்ச்கள் பெரும்பாலும் இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்தே அந்த எண்ணைச் சொல்கின்றன. காபி, தூக்கக் குறைவு, காய்ச்சல் எல்லாமே அதை மாற்றும். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம் அம்மா. தூக்கமும் பசியும் பேச்சும் இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால், வாட்ச் என்ன காட்டினாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.