அம்மாவின் வேதாகமம் லேமினேஷன் கடைக்குப் போக வேண்டாம்

கேள்வி: அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து பத்து மாதமாகிறது. அவர்களுடைய வேதாகமம், பழைய குடும்பப் படங்கள், கூடத்தில் மாட்டியிருக்கும் ‘கதவைத் தட்டும் இயேசு’ படம், இவைதான் எனக்கு ஆறுதல். அந்தப் படம் விக்கிரகம், கழற்றிப் போடு என்கிறான் தம்பி. நான் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். யார் செய்வது சரி?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: இருவர் செய்வதும் சரியில்லை, சகோதரி.

தம்பி 2 இராஜாக்கள் 18:4-ஐ வாசிக்கட்டும். வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவர் கர்த்தர். மோசே காலத்திலிருந்து பல நூறு வருஷம் அது இருந்தது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியதால்தான் எசேக்கியா ராஜா அதை உடைத்தார். உங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு யாராவது ஊதுவத்தி கொளுத்தினார்களா? இல்லையென்றால் அது சுவரில் இருக்கலாம். ஆனால் அம்மாவின் போட்டோ முன் நின்று ஜெபிக்கும் பழக்கம் உங்களுக்கு வந்தால், தம்பி சொல்வதில் நியாயம் வந்துவிடும்.

அந்தப் படத்தை முதலில் நன்றாகப் பாருங்கள். ‘வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ஐ இங்கிலாந்து ஓவியர் ஹோல்மன் ஹண்ட் 1853-இல் வரைந்து முடித்தார். நம் வீடுகளில் தொங்கும் இவ்வகைப் படங்கள் பலவும் அதன் வழி வந்தவை. அவர் வரைந்த கதவைக் கொடியும் களையும் மூடியிருக்கும். வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். உங்கள் படத்தில் கைப்பிடி இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். துக்க வீடு மாதக்கணக்கில் சாத்தியே கிடக்கும். அதன் வாசலிலும் அவர் நிற்கிறார் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இனி லேமினேஷன். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். சூட்டில் இளகும், பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பழுப்பேறிக் காகிதத்தைக் கெடுக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள். கண்ணாடிக்கு மேலிருந்தே, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். கண்ணாடி பளபளத்தால் ஃபிரேமைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தனிப் படங்களை 600 டிபிஐ (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் அளவு) வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பெயர்களைப் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் வரி விழும்.

வேதாகமத்தில்தான் பலர் அவசரப்பட்டுத் தவறு செய்கிறார்கள். உள்ளே வாக்குத்தத்த அட்டை, காய்ந்த பூ, யாருடையதோ அடக்க ஆராதனைத் தாள் என்று ஏதாவது இருக்கும். ஒரே மூச்சில் உதறிவிடாதீர்கள். எது எந்த அதிகாரத்தில் இருந்தது என்று நோட்டில் எழுதிய பிறகே எடுங்கள். அந்த அட்டை அந்தச் சங்கீதத்தில் ஏன் இருந்தது என்பதற்கு இனி அந்தப் பக்கம் மட்டுமே சாட்சி. பூவை உள்ளேயே விட்டால் காகிதத்தில் கறை ஏறும். தனிக் காகித உறையில் வையுங்கள். கோடிட்ட வசனங்களையும் ஓரத்தில் போட்ட தேதிகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு, அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். லோவிசாள், ஐனிக்கேயாள் என்று பாட்டியையும் தாயையும் பேர் சொல்லியே பவுல் தீமோத்தேயுவுக்கு அவனுடைய விசுவாசத்தை ஞாபகப்படுத்துகிறார் (2 தீமோத்தேயு 1:5). உங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் கிடைக்கும். விட்டுப்போன ஞானஸ்நானத் தேதிகளுக்குச் சபைப் பதிவேட்டைப் பார்க்க ஆயரிடம் கேளுங்கள்.

ஓராண்டு நினைவுக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் படங்களின் நகல்களைத் தயார் செய்தால், வருகிற அத்தை, சித்தி, பெரியம்மாவிடம் காட்டி முகங்களுக்குப் பேர் கேட்கலாம். அசல் வெளியே வர வேண்டாம், நகல் போதும்.

கூடத்துப் படம் வெயில் விழும் சுவரில் இருந்தால் மாற்றுங்கள். வேலூர் வெயிலில் வண்ணம் வெளுத்துவிடும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறும். ஃபிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் கால் அங்குல கார்க் துண்டு ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும். வேதாகமத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, படுக்க வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பாச்சை உருண்டை காகிதத்தில் படக்கூடாது.

வேதாகமத்தில் உள்ள குடும்பப் பதிவுப் பக்கத்தைத் தம்பியே படம் எடுக்கட்டும். அவன் பிறந்த தேதியை அம்மா அதில்தான் எழுதியிருப்பார்கள்.