அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் குடும்பத்தோடு தப்பிக்க முடிந்ததா?

முடிந்தது, ஆனால் பெரும்பாலும் ஒரே இரவில் அல்ல. மேரிலாந்தில் பிறந்த ஹாரியட் டப்மனின் குடும்பத்தையே பாருங்கள்.

அப்பா பென் ராஸும் அம்மா ரிட்டும் வெவ்வேறு முதலாளிகளுக்குச் சொந்தம். தாய் யாருக்கு உடைமையோ பிள்ளைகளும் அவருக்கே என்பது அன்றைய சட்டம். அப்படித்தான் மூன்று மகள்கள் தெற்கே விற்கப்பட்டார்கள். கடைசி மகன் மோசஸை வாங்க ஆள் வந்தபோது ரிட் அவனை ஒளித்துவைத்தார். வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவன் மண்டையைப் பிளப்பேன் என்று நின்றார். அந்த விற்பனை நடக்கவில்லை. அந்தத் தாயின் துணிச்சல்தான் மகளுக்கும் வந்தது என்று நம்புகிறேன்.

1849இல் ஹாரியட் தனியாக, அடிமை முறை இல்லாத பிலடெல்பியா நகரத்துக்குத் தப்பினார். அப்புறம் மற்றவர்களுக்காகத் திரும்பத் திரும்ப வந்தார். 1854 கிறிஸ்துமஸ் சமயம் அவரோடு தப்பிப்போகக் கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் பெற்றோர் குடிசைக்கு அருகே தீவனக் கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். அப்பா உள்ளே பார்க்காமலே சோறு கொண்டுவந்து வைத்தார், புறப்பட்டபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வழியனுப்பினார், விசாரித்தால் "மகன்களைப் பார்க்கவில்லை" என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமே! அம்மா அழுது காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று அவரிடம் சொல்லவே இல்லை. அவர் விருந்து சமைத்து மகன்களுக்காகக் காத்திருந்தார்.

1855இல், அதற்குள் விடுதலை பெற்றிருந்த பென் 20 டாலர் கொடுத்துத் தன் மனைவியையே விலைக்கு வாங்கினார். 1857இல் ஹாரியட் இருவரையும் கனடாவுக்குக் கூட்டிப்போனார். விற்கப்பட்ட மூன்று சகோதரிகள் மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை.