கணினி கேள்வி பதில்: பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: 2015-இல் வாங்கிய லேப்டாப். ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். இணையம் பார்ப்பது, கடிதம் அடிப்பது தவிர வேறு வேலை இல்லை. எந்த லினக்ஸைப் போடலாம்?

பதில்: லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரையமைப்பு கொண்ட பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு ஏற்றபடி இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் அதன் க்னோம் திரை 4 ஜிபி ராமில் திணறும். மின்ட்டின் சினமன் பதிப்பு பார்க்க அழகு. 8 ஜிபி இருந்தால் அதை எடுக்கலாம்.

எந்த லினக்ஸ் என்பதைவிட, எதன்மேல் போடுகிறீர்கள் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருந்தும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றை மாட்டுங்கள். பழைய டிஸ்க் விண்டோஸோடும் கோப்புகளோடும் அப்படியே அலமாரியில் இருக்கும்.

8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் மின்ட்டை எழுதுங்கள் (பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்). லேப்டாப்பை ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். அப்போது தெரியும் மந்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அது பென் டிரைவின் வேகம். வைஃபை தெரியாவிட்டால் பிராட்காம் சிப்பாக இருக்கலாம். போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் வசதி) போட்டு, இன்ஸ்டால் ஆனபின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் உரிய டிரைவரைக் காட்டும். பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் தொல்லை தராது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி2900 படுத்தும்.

பழைய டிஸ்க்கிலேயே போடுவதானால் 'இரேஸ் டிஸ்க்' என்பதை அழுத்தும் முன் யோசியுங்கள். சி மட்டும்தான் போகும் என்று நினைத்து டி டிரைவில் இருந்த படங்களையும் இழந்தவர்கள் பலர்.

கேள்வி: விண்டோஸ், மின்ட் இரண்டும் வைத்திருக்கிறேன். மின்ட்டில் டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை.

பதில்: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல், தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பை முதலில் அழுத்த வேண்டும். பிறகு ஒருமுறை ஷட் டவுன் செய்துவிட்டு மின்ட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: பாமினியில் அடித்த பழைய கோப்புகள் லிப்ரே ஆபீஸில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன.

பதில்: கோப்பு கெடவில்லை. பாமினி யுனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த டிடிஎஃப் கோப்பை எடுத்து வாருங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் முதலில் ஒரு புள்ளி, அடுத்து ஃபாண்ட்ஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு, லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் சரியாகிவிடும். புள்ளியில் தொடங்குவதால் அந்த ஃபோல்டர் மறைந்திருக்கும். கண்ட்ரோல் எச் அழுத்தினால் தெரியும்.

இனி அடிப்பதை யுனிகோடிலேயே அடியுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தமிழ் உள்ளீட்டுக் கருவியை நிறுவினால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு மூன்று விசைப்பலகைகளும் கிடைக்கும்.

கேள்வி: டாலி ஓடுமா?

பதில்: டாலி பிரைமுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. கடைக் கணக்கு அதில் இருந்தால் விண்டோஸை அழிக்காதீர்கள்.