சுவிட்ச் 2 இப்போது வாங்கலாமா, ஓலெட் வரும்வரை பொறுக்கலாமா?

ஆடி அமாவாசைக்குக் கனடாவிலிருந்து திருகோணமலை வரும் அண்ணாவிடம் நிண்டெண்டோவின் கேம் கருவியான சுவிட்ச் 2 கொண்டுவரச் சொல்வதா, ஓலெட் திரையோடு (கறுப்பும் நிறங்களும் நன்றாகத் தெரியும் திரைவகை) அடுத்த மாடல் வரும்வரை இருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டுவரச் சொல்லுங்கள். யூடியூப்பில் 'கசிந்த தகவல்' என்று கத்துகிறவர்களை விட்டுவிட்டு, நிண்டெண்டோ முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் அறிக்கையை வாசியுங்கள்.

அவர்களுடைய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். பெப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதத் தொடக்கத்தில் அறிக்கை வரும். முதல் சுவிட்ச் 2017 மார்ச்சில் வரும் என்பதை 2016 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்போது அதற்கு 'என்எக்ஸ்' என்றுதான் பெயர். 2024 மேயில் தலைவர் ஃபுருகாவா, சுவிட்ச்சுக்கு அடுத்த கருவியை "இந்த நிதியாண்டுக்குள் அறிவிப்போம்" என்றார். 2025 ஜனவரி 16இல் அறிவிப்பு வந்தது. அறிக்கையின் கடைசிப் பகுதியில் வரவிருக்கும் கேம்களின் அட்டவணை இருக்கும். நாளோடு போட்டிருந்தால் நம்பலாம், வருடம் மட்டும் என்றால் பாதி நம்பிக்கை. வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். பிக்மின் 4 என்ற கேம் அநேகமாக முடிந்துவிட்டது என்று நிண்டெண்டோவின் மூத்த வடிவமைப்பாளர் மியாமோட்டோ சொன்னது 2015இல். கடைக்கு வந்தது 2023 ஜூலையில்.

வன்பொருள் வதந்தியில் உதிரிப்பாகத்தை நம்புங்கள், அதன்மேல் கட்டும் கதையை நம்பாதீர்கள். 2021 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், முதல் சுவிட்ச்சின் புதிய மாடலுக்குச் சாம்சங் 7 அங்குல 720பி ஓலெட் திரை செய்யப்போகிறது, டிவியில் இன்னும் கூர்மையான 4கே படம் கிடைக்கும் என்று எழுதியது. திரை அப்படியே வந்தது. 4கே வரவில்லை. மின்னணுக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசியின் ஆவணங்களும் உதவும்: 2019 ஜூலையில் முதல் சுவிட்ச்சின் சிப்பையும் நினைவகத்தையும் மாற்ற அனுமதி கேட்ட கடிதம் அங்கேதான் பிடிபட்டது. அடுத்த மாதமே, அதே விலையில், இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் நின்ற பற்றரி நாலரை முதல் ஒன்பது மணி நேரமானது. மேடை அறிவிப்பு எதுவும் இல்லை. கடையில் பெட்டியையும் அதிலுள்ள தொடர் எண்ணையும் பார்த்துத்தான் புதியதா என்று கண்டுபிடிக்க முடிந்தது.

முதல் சுவிட்ச்சுக்குப் பிறகு அதன் சிறிய மாடலான லைட் வர இரண்டரை வருடம், ஓலெட் மாடல் வர நாலரை வருடத்துக்கு மேல் ஆனது. சுவிட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5. 'நிண்டெண்டோவின் பழைய கைக்கருவி 3டிஎஸ்ஸுக்குப் பெரிய திரை மாடல் 3டிஎஸ் எக்ஸ்எல் பதினேழு மாதத்தில் வந்ததே' என்று யாராவது கீழே எழுதுவார்கள். அப்போது 3டிஎஸ் விற்காமல் ஆறு மாதத்துக்குள் விலையை 249.99 டொலரிலிருந்து 169.99க்கு இறக்கியிருந்தார்கள். சுவிட்ச் 2 நாலே நாளில் 35 லட்சம் போனது. ஓடுகிற சாமானை ஏன் அவசரப்பட்டு மாற்றப்போகிறார்கள்?

இதற்கிடையில் நிறுவனமே பெயர் சொல்லாத மாடலுக்கு 'புக்கிங்' என்று முற்பணம் வாங்கும் கடைகளும் இங்கே இருக்கின்றன. பற்றுச்சீட்டில் மாடல் எண் எழுதச் சொன்னால் முகம் மாறும். எழுதாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.

அண்ணாவிடம் சொல்ல வேண்டியது: யப்பானில் மட்டும் விற்கும், 2025இல் 49,980 யென்னுக்கு வந்த மாடல் மலிவென்று யாரும் ஆசைகாட்டினாலும் வேண்டாம். அதில் யப்பானிய மொழி மட்டும்தான், நிண்டெண்டோ இணையக் கணக்கும் யப்பான் கணக்காக இருக்க வேண்டும். கனடாப் பெட்டியின் சார்ஜரில் 100-240வி என்று அச்சிட்டிருக்கிறதா பார்க்கட்டும். தட்டை முள் என்பதால் இங்கே அடப்டர் மட்டும் போதும், டிரான்ஸ்போமர் தேவையில்லை. மெமரி கார்ட் வாங்குவதானால் 'மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய கார்ட்டில் கேம் ஏறாது, முந்தைய சுவிட்ச்சில் எடுத்த படங்களையும் வீடியோவையும் மாற்றத்தான் உதவும்.