அனுமதி இல்லாத மாடிக்கு 14 சதவீத வட்டி

கேள்வி: எனக்கு 44 வயது. தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 92,000 ரூபாய். சென்னை கொளத்தூரில், 20 அடித் தெருவில், அரை கிரவுண்டு மனையில் வீடு. பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது. அப்பா இல்லை, தங்கை மதுரையில் இருக்கிறாள். தரைத்தளம் 1989-ல் கட்டியது, முதல் மாடி 2004-ல் எழுப்பியது. தளத்துக்கு 900 சதுர அடி. பில்லர் கிடையாது, ஒன்பது அங்குலச் சுவர்தான். இப்போது கீழே ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, மேலே இன்னொரு 900 சதுர அடியில் இரண்டாவது மாடி கட்டி வாடகைக்கு விட நினைக்கிறோம். 15,000 ரூபாய் வாடகை வரும் என்கிறார்கள். வேலையை என் மனைவியின் தம்பி எடுத்துச் செய்கிறார். மொத்தம் 24 லட்சம் சொல்லியிருக்கிறார். விலை ஏறுவதற்குள் கம்பியும் சிமென்டும் வாங்கிவிடலாம் என்று அவர் கேட்டதால், 3 லட்சம் தனிநபர் கடனும் 1.5 லட்சம் நகைக்கடனும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிளான் அப்ரூவலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னும் 20 லட்சம் வேண்டும். 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது. அதை வாங்கலாமா, அல்லது மகளின் கல்லூரிப் படிப்புக்கு வைத்திருக்கும் 7 லட்சம் மியூச்சுவல் ஃபண்டை எடுக்கலாமா? அவளுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரி. வட்டியில்லாத் தவணையில் மாடுலர் கிச்சன் என்று குறுஞ்செய்தியும் வருகிறது.

பதில்: இரண்டையும் தொடாதீர்கள். எந்தப் பணத்தைப் போடலாம் என்று கேட்கிறீர்கள். வரைபடமே இல்லாத வேலைக்குப் பணம் எதற்கு என்று நான் கேட்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ‘மாடி 24 லட்சம்’ என்று மேலே ஒரு வரி, அதற்குக் கீழே ‘சுவர் எடுப்பது சேர்த்து’ என்று இன்னொரு வரி. கம்பி எத்தனை மில்லிமீட்டர், எத்தனை டன், கான்கிரீட் என்ன கிரேடு, டைல்ஸ் சதுர அடிக்கு என்ன விலை என எதுவும் இல்லை. இந்தத் தாளை நம்பி நாலரை லட்சம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் எந்தக் கடன் சீக்கிரம் கிடைக்கிறதோ அதை வாங்கிக் கொடுக்கும் உங்கள் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். தனிநபர் கடன் வேகமாகக் கிடைக்கிறது என்றால், வேகத்துக்கும் சேர்த்து வட்டி வாங்குகிறார்கள் என்று பொருள்.

இப்போது அந்த 900 சதுர அடிக்கு வருவோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, உங்களுடையதைப் போன்ற கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். 1,200 சதுர அடி மனைக்கு 2,400. ஏற்கெனவே 1,800 கட்டியாகிவிட்டது. மிச்சம் 600. கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கும் வழி ஒன்று உண்டு, ஆனால் அதற்கு 30 அடிச் சாலையாவது வேண்டும். உங்கள் தெரு 20 அடி. ஆக, 900 சதுர அடிக்கு என்று கம்பி வாங்கியிருக்கிறீர்கள், 600-க்கு மேல் அனுமதி கிடைக்காது. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் டேப் பிடித்து அளந்திருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்.

அனுமதி இல்லாமலே கட்டிவிட்டால் என்ன என்று மைத்துனர் கேட்பார். பக்கத்துத் தெருவில் நாலு வீட்டைக் காட்டுவார். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டி சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. அந்த நாலு வீட்டுக்காரர்களும் தப்பித்தது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அவை வரி வாங்கியதற்கும் கரண்ட் கொடுத்ததற்கும்தான் சான்று. முதலில் 2004-ல் எழுப்பிய முதல் மாடிக்கான பிளான் நகலைத் தேடி எடுங்கள். அது இல்லை என்றால் இரண்டாவது மாடியைப் பற்றிப் பேசுவதே வீண்.

அலைச்சல் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 10,000 சதுர அடிக்குள், 8 குடியிருப்புக்குள் உள்ள சாதாரணக் கட்டடத்துக்கு மாநகராட்சியே அனுமதி தருகிறது; விண்ணப்பம் இணையத்திலேயே. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டத்தில் உடனே வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். அது தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் புதிதாகக் கட்டும் வீட்டை மனதில் வைத்து வந்தது.

அடுத்து, இதைவிடப் பெரிய விஷயம். பில்லர் இல்லாத வீட்டில் சுவர்தான் தூண். ஹாலுக்கு நடுவே நீங்கள் எடுக்க நினைக்கும் சுவரின்மீது முதல் மாடியின் தளம் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் பீம் கொடுக்க வேண்டும், பீமின் இரண்டு முனையிலும் இறங்கும் சுமையைத் தாங்க அடியில் அஸ்திவாரம் வேண்டும். அதோடு மேலே இன்னொரு மாடியையும் ஏற்றப்போகிறீர்கள். கீழே ஒரு தாங்கலை எடுத்துக்கொண்டே மேலே சுமையைக் கூட்டுவதை எந்தக் கொத்தனாரின் அனுபவத்தையும் நம்பிச் செய்யக் கூடாது. சென்னை 2002-ல் இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது அபாயம் கூடுதலான மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது; உங்கள் தரைத்தளம் அதற்கு முன்பே, 1989-ல் கட்டியது. கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஓரிடத்தில் தோண்டி அஸ்திவாரத்தின் ஆழமும் அகலமும் பார்ப்பார், மண் பரிசோதனை கேட்பார், கான்கிரீட்டின் உறுதியைக் கருவி வைத்துச் சோதிப்பார். இதற்குச் சில பத்தாயிரம் ஆகும். அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், 20 லட்சம் கடன் வாங்காமல் தப்பித்தீர்கள்.

இனி வட்டிக் கணக்கு. அனுமதி இல்லாத கட்டுமானத்துக்கு வங்கி வீட்டுக்கடன் தராது. தனிநபர் கடன் உங்கள் தலையில் வந்து விழுந்ததே இதனால்தான். 20 லட்சம், 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 46,500. மொத்த வட்டி 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 20 லட்சம் வீட்டுக்கடனாக எட்டரை சதவீதத்தில், அதே ஐந்து வருடத்துக்குக் கிடைத்தால் தவணை சுமார் 41,000, வட்டி 4.6 லட்சம். வித்தியாசம் 3.3 லட்சம். அனுமதிக் கட்டணம், தொழிலாளர் நல நிதி, பொறியாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சமே ஆகட்டும். எது மலிவு? வீட்டுக்கடனைப் பத்து வருடத்துக்கு நீட்டினால் தவணை 25,000-க்குள் அடங்கும். இப்போது கைவசம் உள்ள 3 லட்சக் கடனுக்கு மாதம் பத்தாயிரம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய தனிநபர் கடனும் சேர்ந்தால் 92,000-ல் 56,500 போய்விடும். மிச்சத்தில் குடும்பம் நடத்தி, கல்லூரிக்கும் கட்ட முடியுமா?

வீட்டுக்கடனில் இன்னொரு சௌகரியம், இதை யாரும் சொல்வதில்லை. வங்கி பணத்தை ஒரே தடவையில் கொடுக்காது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணையை விடுவிக்கும். மைத்துனரிடம் கணக்குக் கேட்க உங்களுக்குக் கூச்சம், மனைவி என்ன நினைப்பாரோ என்று பயம். இனி நீங்கள் கேட்க வேண்டாம். “பில் இல்லாமல் வங்கி விடுவிக்க மாட்டேன் என்கிறது” என்று சொல்லுங்கள். அவருக்கும் மனம் நோகாது.

வாடகையையும் கொஞ்சம் பார்ப்போம். 600 சதுர அடிக்கு 15,000 வராது. 10,000 என்று வைப்போம். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும். 1.1 லட்சம். அவர் சொன்ன விலையிலேயே 600 சதுர அடிக்கு 16 லட்சம். பீம், அஸ்திவார வேலை, வழக்கமாக ஏறும் செலவு சேர்த்து 19 லட்சம். வரியும் பெயின்டும் போக வருமானம் ஐந்து, ஐந்தரை சதவீதம். எட்டரைக்கு வாங்கி ஐந்தரைக்கு விடுவதையே யோசித்துச் செய்ய வேண்டும். 14-க்கு வாங்கி ஐந்தரைக்கு விடுவது தர்மகாரியம். குடும்பம் பெருகுகிறது, இடம் வேண்டும் என்றால் கட்டுங்கள், வாடகை முதலீடு என்று கட்டாதீர்கள்.

வட்டியில்லாத் தவணையில் மாடுலர் கிச்சன் என்று குறுஞ்செய்தி வருகிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கிறது. சுவரின் கதி முடிவாகும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். மகளின் 7 லட்சம் இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணம். அதைப் பங்குச் சந்தை ஃபண்டில் வைத்திருந்தால் இப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வங்கி வைப்புக்கு மாற்றுங்கள்.

இந்த வாரமே மைத்துனரிடம் வாங்கிய கம்பிக்கும் சிமென்டுக்கும் பில் கேளுங்கள். சிமென்ட் மூட்டை மூன்று மாதம் கிடந்தாலே வலுவிழக்கும். மழைக்காலம் வந்தால் மொட்டை மாடியில் கிடக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் கொஞ்சம் நஷ்டப்பட்டாவது கொடுத்துவிட்டு, வரும் பணத்தில் நகையை மீட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பத்திரம். வீடு அம்மாவுடையது, உங்கள் காசில் எழுப்பும் மாடியும் அந்த மண்ணோடுதான் போகும். உயில் இல்லாமல் போனால் தங்கைக்கும் சம பங்கு, அது நியாயமும்கூட. வங்கியும் அம்மாவைக் கடனில் சேர்க்கச் சொல்லும். அம்மா விரும்பினால், ஆயுள்வரை அவர் அங்கேயே வசிக்கும் உரிமையை எழுதிவைத்து, உங்கள் பெயருக்கு தான செட்டில்மென்ட் செய்யலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாயாகவும் ஆக்கப்பட்டது. தங்கைக்கு என்ன கொடுப்பது என்பதை அம்மா முன்னிலையில் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு பொறியாளருக்கு போன் செய்யுங்கள்.