பால் போன்ற மருந்துகள்: மருந்தாளரிடம் கேள்வி பதில்

ஈசூன் வாசகி: கண் உலர்வுக்காக அம்மாவுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பால்போல வெள்ளையாக இருக்கிறது. கெட்டுவிட்டதா அக்கா?

இல்லைம்மா, அதன் நிறமே அதுதான். உள்ளே இருக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் கலந்திருக்கிறார்கள். இப்படிக் கலந்ததைப் பால்மம் (எமல்ஷன்) என்பார்கள். தேங்காய்ப்பாலும் ஒரு பால்மம்தான். ஆனால் துளி பெரிது, கொஞ்ச நேரம் வைத்தால் மேலே திரண்டுவிடும். இந்தச் சொட்டு போன்ற நானோ பால்மத்தில் துளி சுமார் 200 நானோமீட்டருக்குள் இருக்கும், தலைமுடியின் தடிமனில் நானூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். அவ்வளவு சீக்கிரம் பிரியாது. ஐகெர்விஸ் என்ற சைக்ளோஸ்போரின் சொட்டில் துளிகளுக்கு நேர்மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். கண்ணின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, எனவே மருந்து அதில் ஒட்டி நிற்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்தால் பால்மம் உடைந்துவிடும்.

ஜூரோங் வாசகர்: எனக்கு முட்டை ஒவ்வாமை. வெள்ளை மயக்க மருந்து போடலாமா?

அது புரோபோஃபோல், அதுவும் ஒரு பால்மம்தான். சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்பும் சேர்ந்தது. முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக் கருப் புரதத்தால் வருவது, அதனால் பலருக்குப் பிரச்சினை இருக்காது. ஆனாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிடோக் வாசகர்: கொரோனா தடுப்பூசியும் இப்படிப்பட்ட பால்மம்தானா?

எம்ஆர்என்ஏ வகை கொரோனா ஊசியில் (ஃபைசர், மொடர்னா) இருந்தது கொழுப்பு நுண்துகள், அது வேறு. எம்எஃப்59 என்ற துணை ஊக்கி சேர்த்த ஃப்ளூ தடுப்பூசிதான் பால்மம். 1997-இல் இத்தாலியில் அனுமதி பெற்றது.

தெக்கா வாசகி: நான் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். 'நானோ மஞ்சள்' சொட்டு நன்றாக உறிஞ்சப்படுமாமே?

உறிஞ்சப்படலாம், என் கவலையே அதுதான். மஞ்சள் அதிகமாகச் சேர்ந்தால் வார்ஃபரினோடு சேர்ந்து இரத்தக்கசிவு வரலாம். சைக்ளோஸ்போரினையே பாருங்கள். பழைய சாண்டிம்யூன் மருந்துக்குப் பதில் வயிற்றில் தானே நுண்துளியாகும் நியோரல் வந்தபோது, அதே மில்லிகிராம் இரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்தது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கக் கூடாது, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மஞ்சளிலும் உறிஞ்சுதலைக் கூட்டிய தயாரிப்புகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக வெளிநாடுகளில் எச்சரித்திருக்கிறார்கள். அதோடு, இங்கே சிங்கப்பூரில் சத்துணவுத் துணைப்பொருள்களை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. லேபிளில் 'நானோ' என்று போட்டிருப்பதை விற்பனைக்கு முன் யாரும் சரிபார்த்து அனுமதித்திருக்க மாட்டார்கள்! குடிக்காதீர்கள். அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.