எந்தக் கிருமி, எவ்வளவு, எதற்கு? புரோபயாட்டிக் கேள்வி பதில்

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். புரோபயாட்டிக், அதாவது உடம்புக்கு நன்மை செய்யும் என்று உயிரோடு உள்ளே கொடுக்கும் கிருமிகள், பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, 3 வயதுப் பையனுக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்திருக்கிறோம். பேதி ஆகாமல் இருக்க டாக்டர் ஒரு பொடி பாக்கெட்டும் எழுதியிருக்கிறார். அது தேவையா?

நல்ல யோசனைதான். பாக்கெட்டைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்று மட்டும் போட்டிருந்தால் எனக்குத் திருப்தி இல்லை. சாக்கரோமைசிஸ் பௌலார்டி அல்லது லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்று இருந்தால் ஆதாரம் உண்டு. குழந்தைகளிடம் நடந்த சோதனைகளை 2019இல் தொகுத்துப் பார்த்தார்கள். புரோபயாட்டிக் இல்லாமல் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களில் 100க்கு 19 பேருக்குப் பேதி ஆனது. சேர்த்து எடுத்தவர்களில் 8 பேருக்குத்தான். அளவும் முக்கியம்: ஒரு நாளைக்கு 500 கோடி கிருமிகளாவது உள்ளே போக வேண்டும்.

பௌலார்டி ஒரு ஈஸ்ட், பூஞ்சை வகை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. லாக்டோபேசிலஸ் என்றால் மருந்துக்கும் அதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். எதுவாக இருந்தாலும் சூடான பாலில் கலக்காதீர்கள், செத்துப்போகும்.

சாதாரண வயிற்றுப்போக்குக்கும் அதையே கொடுக்கலாமா மேடம்?

முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல், அப்புறம் டாக்டர் சொல்லும் அளவில் ஜிங்க். குழந்தையைக் காப்பாற்றுவது இவைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2018இல் வந்தது. புரோபயாட்டிக் கொடுத்த குழந்தைகளுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

தினமும் தயிரும் பழைய சோறும் சாப்பிடுகிறோம். கடையில் காசு கொடுத்து வேறு வாங்கணுமா?

உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு வேண்டாம். ஒரு துளி வீட்டுத் தயிரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். மணி கோத்த மாதிரி உருண்டைகள், நடுநடுவே குச்சிகள், அவ்வளவு நெருக்கமாக நிற்கும். எனக்கு இன்றும் அது அலுக்காத காட்சி. பால் குடித்தால் வயிறு உப்புகிற பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இவற்றால்தான். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை இவை ஜீரணிக்க உதவுகின்றன.

ஆனால் உறை மோர் வீட்டுக்கு வீடு மாறும். எந்த ரகம் எத்தனை இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் தயிரை உணவாகச் சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். பழைய சோற்றுக்கும் இதே பதில். இட்லி மாவைப் புளிக்க வைத்த கிருமிகளோ ஆவியில் வெந்துவிடும். இட்லி நல்ல உணவு, புரோபயாட்டிக் அல்ல.

பிறந்த குழந்தைக்குக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்கவே கூடாது. ஒடிசா கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது, 2017இல் வெளியானது. லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற கிருமியில் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்குத் தீனியாகும் ஒருவகைச் சர்க்கரையோடு 7 நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்றோ மரணமோ 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. நம் நாட்டில் நடந்த இந்த வேலையை நினைத்தால் மனசு நிறைகிறது. ஆனால் அவர்கள் 2 கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு, உள்ளே கொடுத்த கிருமியே ரத்தத்தில் பரவிய சம்பவங்கள் உண்டு.

அக்கா, அப்பா கணைய அழற்சியோடு ஐ.சி.யூ.வில் இருக்கிறார். தெம்புக்கு ஒரு புரோபயாட்டிக் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த சோதனை 2008இல் வந்தது. புரோபயாட்டிக் கொடுத்தவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 6 சதவீதம்.

இன்னொன்று நானே பார்த்தது. ஐ.சி.யூ. நோயாளி ஒருவரின் ரத்தத்தைச் சோதிக்க வைத்த குப்பியில் ஈஸ்ட் வளர்ந்தது. தேடிப் போனால், பக்கத்துக் கட்டிலில் பௌலார்டி பாக்கெட்டைக் கிழித்துக் கலக்கியிருக்கிறார்கள். அந்தப் பொடி ஒட்டிய கையோடு இவருடைய கழுத்து ரத்த நாளத்தில் மருந்து ஏற்றப் போட்டிருந்த குழாயைத் தொட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிதான்.

சிகிச்சை பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.